கூரையே வீடாக: ஆர்னால் கறுப்பு வீட்டின் கட்டடக்கலையும் வரலாறும்

கோட்டைகளும் தேவாலயங்களும் தம் வரலாற்றைக் கல்வெட்டாகவோ ஆவணமாகவோ விட்டுச்செல்கின்றன. உழவர் வீடு அவ்வாறு எதையும் விட்டுச்செல்வதில்லை. அதைக் கட்டியவர் பெயர் தெரியாது. கட்டிய ஆண்டும் தெரியாது. பழுதுற்றால் அதனைப் பிரித்து, அந்தக் கல்லையே கொண்டு அடுத்த வீட்டைக் கட்டிவிடுவர். எனவே உழவர் வீட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அவ்வீட்டின் சுவரையும் கூரையையும் அடுப்பையுமே ஆவணமாகக் கொண்டு படிக்க வேண்டியுள்ளது. அங்ஙனம் படிக்கத்தக்க வீடுகளுள் ஒன்று, ஸ்காட்லாந்தின் வடமேற்கே அட்லாண்டிக் பெருங்கடலில் கிடக்கும் லூயிஸ் தீவில், ஆர்னால் என்னும் சிற்றூரில் இன்றும் நிற்கிறது. 'ஆர்னால் கறுப்பு வீடு' என்பது வழக்குப் பெயர். முகவரியில் அதற்குப் பெயரில்லை. எண் 42, ஆர்னால், அவ்வளவே.

இந்த எண்ணிலிருந்தே தொடங்கலாம். வீட்டெண் போலத் தோன்றினும் அது வீட்டின் எண் அன்று, நிலத்தின் எண். முற்காலத்தில் ஊரார் பலர் கூடிப் பொதுவாக உழுதுவந்த நிலங்களை, 19-ஆம் நூற்றாண்டில் நிலக்கிழார்கள் அளந்து, நீண்ட துண்டுகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுக் குடிகளுக்குக் குத்தகைக்கு விட்டனர். இத்தகைய சிறுநிலத்துக்குக் 'கிராஃப்ட்' என்றும், அதைப் பயிரிடுபவர்க்குக் 'கிராஃப்டர்' என்றும் பெயர். ஒரு குடும்பம் நிலத்தை மட்டும் நம்பி உண்டு வாழப் போதாத அளவினவாகவே பெரும்பாலான கிராஃப்டுகள் இருந்தன. மீன்பிடித் தொழிலோ நெசவோ கூலிவேலையோ துணைக்கு வந்தே தீர வேண்டும். இங்கே நாம் பார்க்கப்போகும் வீடு அத்தகைய ஒரு குத்தகைக் குடியின் வீடு. 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் எழுந்தது. தோற்றத்தைப் பார்த்து ஈராயிரம் ஆண்டுப் பழைமை கற்பித்தோர் உண்டு. அது பிழை. நாடு முழுவதும் இருப்புப்பாதை ஓடத் தொடங்கிய காலத்து வீடுதான் இது.

சுவரும் கூரையும்

லூயிஸ் தீவில் மரமே இல்லை என்று சொன்னால் அது பெரும் மிகையாகாது. கடற்காற்று ஓயாது வீசும் இடம்; மழைக்கும் குறைவில்லை. கல் உண்டு. புல்வேர் பின்னிய மண்பாளம் உண்டு. சதுப்பு நிலங்களில் 'பீட்' உண்டு. பீட் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செடிகொடிகள் நீரில் முழுதும் மக்காமல் படிந்து உருவான கருமண். அதைக் கோடைத் தொடக்கத்தில் செங்கல் போல வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, வீட்டருகே போராக அடுக்கிவைத்தால் ஆண்டு முழுமைக்கும் எரிபொருளாகும். இந்த மூன்றையும் கொண்டு, காற்றோடு போராடாமல் காற்றுக்கு வளைந்துகொடுக்கும் ஒரு வீட்டைத் தீவினர் கட்டினர்.

சுவர் இரட்டைச் சுவர். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று எனச் சுண்ணாம்புச் சாந்தின்றிக் கல்லை அடுக்கி, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியை மண்ணாலும் பீட் தூளாலும் இட்டு நிரப்புவர். மொத்தக் கனம் 1.8 மீட்டர் வரை இருக்கும். இவ்வளவு தடித்த சுவர், உயரத்தில் ஓர் ஆள் அளவைத் தாண்டாது. வெளிமூலைகள் கூராக இல்லாமல் உருண்டிருக்கும்; காற்று மோதி நிற்க இடமின்றி வழுக்கிச் செல்லும்.

கட்டடக்கலை நோக்கில் மிகவும் கவனிக்கத்தக்கது கூரை அமர்ந்துள்ள முறையே. நாம் அறிந்த ஓலைக்கூரையிலும் ஓட்டுக்கூரையிலும் இறவாரம் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். மழைநீர் சுவரில் படாமல் விழும். கறுப்பு வீட்டில் இறவாரமே இல்லை. கூரை, உட்சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. வெளிச்சுவரின் தலைப்பு ஒரு திண்ணைபோல விரிந்து, புல் முளைத்து வெறுமனே கிடக்கிறது. கூரை வேய்பவர் ஏணியின்றி அதில் நடந்து வேலை செய்வார்; ஆடு ஏறி மேய்வதும் உண்டு. கூரையில் வழியும் நீர் இந்தத் திண்ணையில் இறங்கி, இரட்டைச் சுவரின் நடுமண்ணில் ஊறி வடியும். சுவருக்குள் நீரை விடுவதா என்று முதலில் திகைப்பு ஏற்படும். ஆயினும் ஈரமான மண்ணும் பீட்டும் இறுகி இடுக்குகளை அடைத்து, கல்லிடை புகும் காற்றைத் தடுக்கின்றன. இறவாரம் இல்லாமையால் புயல் கூரையைக் கீழிருந்து தூக்கவும் பிடி கிடைப்பதில்லை. கல்வி கற்ற பொறியாளர் எவரும் வரைந்து தந்த திட்டமன்று இது. பல தலைமுறைகள் கூரை பறந்துபோய்க் கற்ற பாடம்.

கூரைச் சட்டத்துக்கு வேண்டிய மரத்தைக் கடலே தந்தது. அலை ஒதுக்கிய கட்டைகள், உடைந்த கப்பலின் பலகைகள், பழைய துடுப்புகள் ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்க்கப்பட்டன. இவற்றின்மேல் புற்பாளங்களை மீன்செதிள் போல ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கி, அதற்கும் மேலே வைக்கோல் வேய்ந்தனர். வாற்கோதுமையை அரிவாள் கொண்டு அறுக்காமல் வேரோடு பிடுங்கும் வழக்கம் லூயிசில் இருந்தது. தாளின் நீளம் ஓர் அங்குலமும் வீணாகாமல் கூரைக்குக் கிடைக்க வேண்டும் என்பதே காரணம். வேய்ந்த வைக்கோலின்மீது குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு வலித்து, கயிற்று நுனிகளில் கனத்த கற்களைக் கட்டித் தொங்கவிட்டனர். ஹெதர் என்னும் புதர்ச்செடியின் தண்டைத் திரித்து இக்கயிறுகளைச் செய்தனர். பிற்காலத்தில் பழைய மீன்வலைகளும் தென்னை நார்க்கயிறும் இடம்பெற்றன. உலகச் சந்தைக்குத் தென்னைநாரை அளித்தவை பெரும்பாலும் மலையாளக் கரையும் இலங்கையும். தென்னையைக் கண்டறியாத ஒரு தீவின் கூரையைப் புயலில் பறக்காமல் பிடித்து நிறுத்தியதில் அக்கரைகளுக்கும் பங்கு உண்டு போலும்.

உள்ளே, ஒரே நீண்ட கூரையின்கீழ் மனிதரும் மாடுகளும் வாழ்ந்தனர். இருவர்க்கும் வாயில் ஒன்றே. நுழைந்ததும் ஒரு பக்கம் தொழுவம். மறுபக்கம் கல் பாவிய வாழ்கூடம். அதற்கு அப்பால் பலகையடைப்புக்குள் கட்டில்கள் அமைந்த படுக்கையறை. வீட்டோடு முதுகொட்டியதுபோலப் பின்னால் நெற்களம் போன்றதொரு தானியக்கூடம். அதன் வாயிலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு துளை விட்டிருப்பர். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று குறுக்கே பாய்ந்து பதரைத் தூற்றிவிடும். தீவின் சாபமாகிய காற்றை வேலையாளாக அமர்த்திய இடம் இதுவொன்றே எனலாம்.

தொழுவத்தைச் சரிவின் கீழ்ப்பக்கம் அமைத்ததால் கழிவு வீட்டுக்குள் வராது. குளிர்காலம் முழுவதும் சாணம் அங்கேயே சேரும். வேனில் தொடக்கத்தில் அதனை அள்ளி, பெண்கள் முதுகுக்கூடைகளில் சுமந்து வயலுக்குக் கொண்டுசெல்வர். லூயிசின் வீடுகள் சிலவற்றில் இதற்கென்றே தொழுவத்தின் கடைச்சுவரைப் பிரித்துப் பின்னர் மீண்டும் அடுக்குவதும் உண்டு. சாந்தில்லாத சுவரின் வசதி அது. மாடுகளின் உடற்சூடு வீட்டின் சூட்டோடு சேர்ந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

புகையின் பயன்

கூடத்தின் நடுவில், தரையிலேயே அடுப்பு. மேலே கூரைச் சட்டத்திலிருந்து தொங்கும் இரும்புச் சங்கிலியில் பானை. புகைபோக்கி இல்லை. பீட் புகை எழுந்து கூடம் முழுதும் பரவி, வைக்கோலின் ஊடாக மெல்லக் கசிந்து வெளியேறும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீடே ஆவி விடுவதுபோலத் தோன்றும்.

வந்துபோன பயணிகள் அனைவரும் முதலில் பழித்தது இந்தப் புகையைத்தான். புகைபோக்கி வைக்கத் தெரியாத அறியாமை என்றே எழுதினர். உண்மை அவ்வளவு எளிதன்று. புகை கூரையின் பூச்சிகளைக் கொன்றது, ஈரத்தை உலர்த்தியது, கிடைத்தற்கரிய மரத்தை உளுக்காமல் காத்தது, மேலே தொங்கவிட்ட மீனையும் இறைச்சியையும் பதப்படுத்தியது. இவையனைத்தினும் பெரிய பயன் வேறு. ஓராண்டு முழுவதும் புகையைக் குடித்த வைக்கோலில் புகைக்கரி செறிந்துவிடும். கோடையில் அந்த வைக்கோலைக் கூரையிலிருந்து களைந்து வயலுக்கு எருவாக இட்டனர். புதிய வைக்கோல் கூரை ஏறியது. அந்த எருவில் வாற்கோதுமை விளைந்தது. அதன் தாள் அடுத்த கூரையாயிற்று. கூரை என்பது, தலைக்குமேல் ஓராண்டு காயப்போட்ட உரக்குவியல். புகைபோக்கி வைத்தால் அந்த உரம் வானத்தில் கலந்துபோகும். வெறும் சதுப்பும் பாறையுமான மண்ணில் கடற்பாசியும் சாணமும் புகைவைக்கோலும் சேர்ந்தே உணவை விளைவித்தன.

இங்ஙனம் கூறுவதால் அவ்வாழ்க்கை இனிதாயிருந்தது என்று முடிவுகட்டிவிடலாகாது. ஒளி குறைந்த கூடத்தில், நாளெல்லாம் கண் எரியப் புகையில் அமர்ந்து சமைத்தவர்கள் பெண்கள். பீட் சுமந்தவர்களும் அவர்களே. சுமை முதுகில் இருக்க, கை வாளாவிராமல் கம்பளி பின்னிக்கொண்டே நடந்தவர்களும் அவர்களே. நெருக்கமும் ஈரமும் சேர்ந்து காசநோய்க்கு இடமளித்தன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிசில் அந்நோய் கடுமையாக இருந்தது. வீட்டின் அறிவை வியக்கும் ஆய்வாளர் இந்த இருமலையும் கேட்டாக வேண்டும்.

அடுப்பு அணைவதில்லை. இரவில் கங்குகளைச் சாம்பலால் மூடி வைப்பது வீட்டுத் தலைவியின் பொறுப்பு. காலையில் அதே கங்கு மீண்டும் கனலும். தெற்குத் தீவுகளில் இவ்வாறு நெருப்பை மூடும்போது சொல்லப்பட்ட வேண்டுதல்களை அலெக்சாண்டர் கார்மைக்கேல் தொகுத்து, 1900-இல் வெளிவந்த 'கார்மினா கடேலிகா'வில் சேர்த்துள்ளார். நெருப்பு அணைந்தால் வீட்டாரின் உயிரே அணைந்ததாகக் கொள்ளும் நம்பிக்கையும் நிலவியது. மாலையில் அண்டைவீட்டார் அந்நெருப்பைச் சுற்றிக் கூடுவர். கதையும் பாட்டும் ஊர்ச்செய்தியும் கலந்த அக்கூட்டத்துக்குக் 'கேலி' என்பது கேலிக் மொழிப் பெயர். (இது தமிழ்க் கேலி அன்று, அதுவும் ஓரளவு இருந்திருக்கும்.) எழுதாக் கிளவியாகப் பல நூற்றாண்டு வாழ்ந்த கேலிக் இலக்கியத்துக்கு இப்புகைக்கூடங்களே அரங்கு. 1951-இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்து ஆய்வுப்பள்ளியினர் ஒலிப்பதிவுக் கருவியோடு தேடிச் சென்றது, இத்தகைய அடுப்புகளைச் சுற்றி அமர்ந்து கேட்டு வளர்ந்த முதியவர்களைத்தான்.

பெயரின் வரலாறு

கேலிக் மொழியில் இவ்வீட்டை 'டய்-டூ' என்பர். 'டய்' வீடு, 'டூ' கறுப்பு. புகைபடிந்த உட்புறத்தால் வந்த பெயர் என்று எண்ணத் தோன்றும். ஆயின் இப்பெயர் மிகப் பழையதன்று. 19-ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புச் சாந்திட்டுக் கட்டிய புதுமுறை வீடுகள் தோன்றி, அவற்றுக்கு 'வெள்ளை வீடு' என்று பெயர் ஏற்பட்ட பின்னரே பழைய வீடு கறுப்பாயிற்று எனக் கருதப்படுகிறது. அதற்குமுன் அது வெறும் வீடு. வேறு அடைமொழி வேண்டப்படவில்லை. கூரை வேய்ந்த வீடு என்னும் பொருள்தரும், ஒலியால் நெருங்கிய வேறொரு கேலிக் தொடர் மருவிக் 'கறுப்பு' ஆயிற்று என்போரும் உளர்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர்க்கு இன்னொரு செய்தி. 'டய்' என்னும் சொல்லும், கூரைவேய்தலைக் குறிக்கும் கேலிக் சொல்லும், ஆங்கிலத்தில் கூரைவைக்கோலைக் குறிக்கும் 'தாட்ச்' என்பதும், கூரையைக் குறிக்கும் இலத்தீன் 'டெக்டம்' என்பதும் ஒரே வேரின. மூடுதல், மறைத்தல் என்பது வேர்ப்பொருள். மூடப்பட்டதே வீடு. கூரைதான் வீடு, சுவர் அதைத் தாங்க வந்தது. இது சொல்லளவில் நிற்கும் செய்தியன்று என்பதைத் தீவின் நிலவரலாறு காட்டுகிறது.

கூரை யாருடையது

சுவர் எழுந்த நிலம் கிழாருடையது. ஆகவே சுவரும் அவருடையதே. கூரை மரம் பெரும்பாலும் குடியானவருடையது. வேறிடம் போக நேர்ந்தால் அவர் மரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து செல்வார். போன இடத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஓர் ஏழைக் குடும்பத்தின் ஒரே அசையும் சொத்து அதன் கூரைச் சட்டமே. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும், ஆட்டுப்பண்ணைகளுக்காகக் குடிகளை நிலத்திலிருந்து அகற்றிய கொடுமையைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்ள வேண்டும். 1814-இல் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் குடிகள் வெளியேற்றப்பட்டபோது கூரைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. குடிகள் திரும்பிவந்து குடியேறாதிருக்கச் சுவரை இடிக்க வேண்டியதில்லை. மரத்தை எரித்தால் போதும். இது தொடர்பாக 1816-இல் வழக்கு விசாரணையை எதிர்கொண்ட நிலமேலாளர் பேட்ரிக் செல்லார் குற்றவாளி அல்லர் என விடுவிக்கப்பட்டார்.

லூயிஸ் தீவை 1844-இல் ஜேம்ஸ் மாதிசன் விலைக்கு வாங்கினார். 1,90,000 பவுண்டு விலை. கான்டனில் 1832-இல் நிறுவப்பட்ட ஜார்டின் மாதிசன் நிறுவனத்தின் கூட்டாளி அவர். இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குக் கொண்டுசென்று விற்றதில் குவிந்தது அவர் செல்வம். இந்திய உழவர் கீறிய கசகசாக் காயின் பால், சீனரின் புகைக்குழாய் வழியே, ஒரு வடகடல் தீவின் மண்ணையும் அதன் புகைக்கூரைகளையும் விலைக்கு வாங்கியது. ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு எதிரே அவர் எழுப்பிய மாளிகை இன்றும் உண்டு. வெளியூர்களிலிருந்து மண்ணையும் மரக்கன்றுகளையும் தருவித்துத் தோட்டம் வளர்த்தார். மரமற்ற தீவில் காடு எழுந்தது, ஒருவருக்காக.

அவர் வாங்கிய ஈராண்டில், 1846-இல், உருளைக்கிழங்கு நோய் கண்டு அழிந்தது. பஞ்சகாலத்தில் அவர் குடிகளுக்கு உணவு அளித்ததும் உண்மை. 1850-களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கனடாவுக்குக் கப்பலேற்றியதும் உண்மை. குடிகளின் வீடுகள் அவர் நிர்வாகத்தின் கண்ணை உறுத்தின. மாட்டைப் பிரித்து வை, சன்னல் வை, புகைபோக்கி வை என விதிகள் வந்தன. குடிகள் பெரும்பாலும் செவிசாய்க்கவில்லை. அவர்களைச் சோம்பர் என்றும் அழுக்கில் மகிழ்பவர் என்றும் பழித்து எழுதினோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. அன்றைய குத்தகை பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு. அறிவிப்பு ஒன்று தந்தால் வெளியேற வேண்டும். தன் உழைப்பில் நல்ல வீடு கட்டியவருக்கு, நிலம் மேம்பட்டதெனக் குத்தகையை உயர்த்தலாம். வெளியேற்றினால் இழப்பீடாக ஒரு காசும் இல்லை. இந்நிலையில் சாந்திட்ட சுவர் எழுப்புவது கிழாருக்குக் கொடையளிப்பதாகும். கழற்றி எடுத்துச் செல்லத்தக்க கூரையும், விட்டுச்செல்ல மனம் நோகாத சுவரும் உடைய வீடே அறிவுடைமை. கறுப்பு வீட்டின் வடிவத்தைக் காற்றும் மழையும் மட்டும் தீர்மானிக்கவில்லை. குத்தகைச் சட்டமும் தீர்மானித்தது.

1874-இல் லூயிசை அடுத்த பெர்னராத் தீவின் குடிகள், மாதிசனின் மேலாளர் டொனால்டு மன்றோவின் வெளியேற்ற ஆணைகளை எதிர்த்தனர். கைதான மூவரும் ஸ்டோர்னோவே நீதிமன்றத்தில் விடுதலையாயினர். ஸ்கை தீவிலும் கிளர்ச்சி எழுந்தபின், 1883-இல் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் தலைவர் நேப்பியர் பிரபு. சென்னை வாசகர்க்கு இப்பெயர் புதிதன்று. 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் இவரே. கூவம் கடலோடு கலக்குமிடத்தில் 1869-இல் கட்டப்பட்ட பாலம் இவர் பெயரையே தாங்கியுள்ளது. எடின்பரோவில் கெல்டிக் மொழிகளின் முதற்பேராசிரியரான டொனால்டு மக்கின்னனும் ஆணையத்தில் ஓர் உறுப்பினர். ஊர் ஊராகச் சென்று குடிகளின் வாய்மொழியை, கேலிக் மொழியில் சொன்னதை மொழிபெயர்த்து, அவர்கள் பதிவுசெய்தனர். சாட்சி சொன்னால் வீட்டை இழப்போமோ என அஞ்சியவரும் உண்டு.

1884-இல் அறிக்கை வந்தது. 1886-இல் கிராஃப்டர் சட்டம் நிறைவேறியது. முறையாகக் குத்தகை செலுத்தும் குடியை வெளியேற்ற முடியாது. குத்தகையை நடுவர் குழு முடிவுசெய்யும். விட்டுச்செல்லும்போது தாம் செய்த மேம்பாடுகளுக்கு இழப்பீடு உண்டு. நிலமற்ற குடிகளுக்கு அச்சட்டம் எதையும் தரவில்லை என்னும் குறையை மறைப்பதற்கில்லை; அடுத்த ஆண்டிலேயே லூயிசின் பார்க் பகுதி மான்காட்டில் பசித்தோர் புகுந்து மான்களை வேட்டையாடிய நிகழ்ச்சி அதற்குச் சான்று. ஆயினும் வீடு என்பது முதன்முறையாகத் தனக்கே உரியதாயிற்று. எந்த மேலாளரின் விதிக்கும் அசையாத மக்கள், அதன்பின் மெல்ல மெல்லத் தாமாகவே சன்னல் வைக்கலாயினர்.

வெள்ளை வீடு

மாற்றம் விரைவாக வரவில்லை. 1897-இன் பொதுச் சுகாதாரச் சட்டத்துக்குப்பின் சுகாதார ஆய்வாளர்கள் தொழுவத்துக்கும் கூடத்துக்கும் இடையே சுவர் வேண்டுமென வற்புறுத்தினர். இதற்கிடையே முதல் உலகப்போர் வந்தது. போர் முடிந்து வீடு திரும்பிய லூயிஸ் வீரர்களை ஏற்றிவந்த 'அயோலேர்' என்னும் கப்பல், 1919 சனவரி 1 அன்று விடியுமுன் ஸ்டோர்னோவே துறைமுக வாயிலில் பாறையில் மோதி உடைந்தது; 201 பேர் மாண்டனர். வெள்ளை வீடு கட்டுவதற்கு இருந்த கைகளுள் பல அன்று போயின.

அரசு வேளாண் வாரியத்தின் கடனுதவியால் இரு போர்களுக்கும் இடையே வெள்ளை வீடுகள் பெருகின. சாந்திட்ட மெல்லிய ஒற்றைச் சுவர், இரு கடைச்சுவர்களிலும் புகைபோக்கி, மாடுகளுக்குத் தனிக் கொட்டில். ஆர்னாலில் கறுப்பு வீட்டுக்கு அருகிலேயே, 1920-களில் எழுந்த எண் 39 என்னும் வெள்ளை வீடும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், எது முன்னேற்றம் என்று உடனே சொல்லத் தயங்குவர். ஒளியும் தூய்மையும் வெள்ளை வீட்டில். ஆனால் நடுக்கூடத்து நெருப்பைச் சுவரோரம் தள்ளியதும் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே போயிற்று. நெருப்பைச் சுற்றி அமர்ந்த வட்டம் அரைவட்டமாயிற்று. புகைவைக்கோலின் இடத்தை விலைக்கு வாங்கும் உரம் பிடித்தது. கைவிடப்பட்ட கறுப்பு வீடுகள் இடிபடவில்லை. புதிய வீட்டின் பக்கத்திலேயே தொழுவமாகவும் தறிக்கொட்டிலாகவும் அவை தொடர்ந்தன. மாடுகளுக்கு மட்டும் என்றான பின்னும் அவ்வீடு உறுதியாகவே நின்றது.

இத்தனைக்குப் பின்னும் எண் 42-இல் ஒரு குடும்பம் பழைய முறையிலேயே வாழ்ந்துவந்தது. 1966-இல் அவர்களும் வெளியேறினர். அவ்வாண்டுகளில் லூயிசில் கறுப்பு வீட்டில் வாழ்வது பெருமைக்குரிய செய்தியாக இருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகள் அதனைப் படமெடுப்பதைத் தீவினர் பலர் விரும்பவுமில்லை. அரசின் தொல்பொருள் துறையோ அதனை ஏற்றுக் காக்கத் தொடங்கியது. அலெக்சாண்டர் ஃபென்டன் என்னும் நாட்டார் வாழ்வியல் அறிஞர் அதன் அமைப்பை ஆராய்ந்து எழுதிய சிறுநூல் 1978-இல் வந்தது. அருகிலுள்ள கெரானன் என்னும் கடற்கரைச் சிற்றூரில் கடைசிக் குடிகள் 1974-இல் கறுப்பு வீடுகளை விட்டு நீங்கினர். அவ்வீடுகள் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டு, பயணிகள் பணம் கொடுத்துத் தங்கும் விடுதிகளாயின. சுகாதார ஆய்வாளர் ஒருவர் மீண்டும் வந்து பார்த்தால் என்ன எழுதுவாரோ!

பாதுகாத்தலில் எழுந்த முதல் இடர், நெருப்பு. புகையில்லாத கூரையில் ஈரம் தங்கும், பூச்சி சேரும், மரம் உளுக்கும். ஆகவே ஆர்னால் வீட்டைக் காக்கும் ஊழியர்கள் காலையில் வந்ததும் கூடத்தின் நடுவே பீட் அடுக்கித் தீ மூட்டுகின்றனர். சங்கிலி தொங்குகிறது; நீண்ட மரப்பலகையில் வந்தவர்கள் அமர்ந்து கண்ணைக் கசக்குகின்றனர்; புகை வைக்கோலில் ஏறிக் கரியாகப் படிகிறது. அந்த வைக்கோலைக் களைந்து வயலுக்குச் சுமந்துசெல்ல இப்போது எவரும் வருவதில்லை.